கேள்வி-பதில்: தொழிலுக்குப் பழைய பெரிய வான் வாங்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் ஃபேர்னஸ், ஏசி பொருத்தும் வேலை செய்துவிட்டு, வரும் வசந்தத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கவிருக்கிறேன். வாகன விற்பனையாளர் புதிய ஃபோர்ட் டிரான்சிட் ஒன்றை மாதத் தவணையில் எடுக்கச் சொல்கிறார். என்னுடன் வேலை செய்யும் மூத்தவர்களோ, ஏழெட்டு வருடம் ஓடிய செவ்ரோலே எக்ஸ்பிரஸ் ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்கிவிடு என்கிறார்கள். 1996இல் வந்த வானை இன்னும் ஏன் தேடி வாங்குகிறார்கள்? நான் எதை வாங்குவது? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: துரு ஏறாத ஒன்று அகப்படுமானால், உங்கள் தொழிலுக்கு எக்ஸ்பிரஸையே வாங்குங்கள். மூத்தவர்கள் சொல்வது வெறும் பழக்கதோஷம் அல்ல, அதற்குக் கணக்கு இருக்கிறது.

வடிவம் பழையது என்பதில் மறுப்பில்லை. மிசூரி மாநிலத்து வென்ட்ஸ்வில் ஆலையில் உருவாகும் எக்ஸ்பிரஸும், பெயர் மட்டும் மாறிய அதன் இரட்டையான ஜிஎம்சி சவானாவும், 2003இல் முன்பக்கமும் சேசி எனும் அடிச்சட்டமும் பிரேக்கும் திருத்தப்பட்டதைத் தவிர, உடலளவில் பெரிதாக மாறவில்லை. ஃபோர்ட் தன் ஈ-சீரிஸ் சரக்கு வான்களை 2014 மாதிரியோடு நிறுத்திவிட்டு டிரான்சிட்டுக்கு மாறியது. ராம் நிறுவனம் ஃபியட் டுக்காட்டோவைத் தழுவி புரோமாஸ்டரைக் கொண்டுவந்தது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது. இப்படி எல்லோரும் உயரமான ஐரோப்பிய வடிவத்துக்குப் போய்விட்டதால், கனத்த சேசி, பின்சக்கர இழுவை, டர்போ இல்லாத பெரிய பெற்றோல் எஞ்சின் என்ற பழைய அமெரிக்க முறையில் சரக்கு வான் வேண்டுமென்பவருக்கு செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆலையின் அச்சுகளுக்குப் போட்ட முதல் எப்போதோ திரும்பி வந்துவிட்டபடியால், நிறுவனத்துக்கும் அதை நிறுத்த அவசரம் இருக்கவில்லை.

வாங்குபவருக்கு இதில் என்ன இலாபம் என்றால், முதலில் உதிரிப்பாகம். 2020 மாதிரி வரை இந்த வானில் வந்த 6.0 லீற்றர் வி-8 எஞ்சின், அதே நிறுவனத்தின் கனரகப் பிக்கப் டிரக்குகளிலும் இலட்சக்கணக்கில் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்தது. டர்போ கிடையாது, சிலிண்டர்களைப் பாதியில் அணைக்கும் ஏற்பாடு கிடையாது, டீசலுக்கு ஊற்றும் யூரியாத் திரவத்தின் தொல்லையும் கிடையாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வோட்டர் பம்ப் போனாலும், தெருமுனைக் கராஜ்காரர் பாகத்தைத் தேடி அலையாமல் சனிக்கிழமையே மாட்டிக் கொடுத்துவிடுவார். ஜனவரிக் குளிரில் ஒரே வானை வைத்துத் தொழில் செய்பவர் நான்கு நாள் நின்றுபோனால், நான்கு வீட்டு ஃபேர்னஸ் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். பெரிய நிறுவனங்கள் புதிய வான்களின் வாடகை உடன்படிக்கையோடு மாற்று வண்டியும் பேசி வாங்கிவிடுகின்றன, தனியாள் தொழிலுக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை.

எரிபொருளைக் காட்டித்தான் விற்பனையாளர்கள் பழையதை மட்டம் தட்டுவார்கள். எக்ஸ்பிரஸில் 2500, 3500 என்பவை எடை வகைகள். 2500 இன் மொத்த எடை வரம்பு, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்து, 8,600 இறாத்தல். புதிய வாகனங்களின் ஜன்னலில் எரிபொருள் சிட்டை ஒட்டும் முறை 8,500 இறாத்தலோடு முடிந்துவிடுவதால், இந்த அளவு வான்களுக்கு அதிகாரபூர்வ எண் ஒன்றைப் பெரும்பாலும் காணமாட்டீர்கள். ஆகவே யார் சொல்லும் எண்ணையும் ஒரு கை குறைத்தே கேளுங்கள். பழைய வி-8, புதிய வானைவிட 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றர் கூடுதலாகக் குடிப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடினால் 800 லீற்றர், லீற்றர் 1.50 டொலர் என்றால் 1,200 டொலர். மாதம் 100 டொலர் வருகிறது. புதிய வானின் மாதத் தவணையையும், அதற்குக் கட்டவேண்டிய முழுக் காப்புறுதியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் பொதி விநியோகக்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒரு வீடு என்று போகும் உங்களுக்கு அப்படித் தலைகீழாகாது.

பாரத்திலும் பழையதற்குப் பலம் உண்டு. பெரிய எஞ்சினும் அதற்கேற்ற சக்கர அச்சும் உள்ள எக்ஸ்பிரஸ் 10,000 இறாத்தல் வரை இழுக்கும். டிரான்சிட்டும் புரோமாஸ்டரும் 7,000 இறாத்தலை ஒட்டியே நிற்கின்றன. ஒன்ராறியோவில் 4,500 கிலோவுக்கு மேற்பட்ட வணிக வாகனத்துக்கு, அதை ஓட்டும் தொழிலைப் பதிவுசெய்யும் சி.வி.ஓ.ஆர். சான்றிதழும் வருடாந்தப் பரிசோதனையும் வேண்டும். எக்ஸ்பிரஸ் 3500 சரக்கு வானின் உச்ச வரம்பான 9,900 இறாத்தல் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே முடிகிறது. இழுவைப் பெட்டி ஒன்றைக் கொளுவினால் கணக்கு மாறிவிடும், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். உள்ளே நிமிர முடியாது. தரைக்கும் கூரைக்கும் ஏறத்தாழ 1.35 மீற்றர்தான். நீண்ட எக்ஸ்பிரஸின் கொள்ளளவு 284 கன அடி. மிகப் பெரிய டிரான்சிட்டில் 487 கன அடி. எஞ்சினின் பின்பாதி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் துருத்திக்கொண்டிருப்பதால், பக்கத்தில் இருப்பவருக்குக் கால் நீட்ட இடம் போதாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மோதப்போகும் தருணத்தில் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி அதில் இல்லாதது. 2020 மாதிரியிலிருந்து டிரான்சிட்டில் அது இருக்கிறது. இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்து, அவர்கள் கையில் வண்டியைக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், இந்த ஒன்றுக்காகவே நான் புதியதன் பக்கம் சாய்வேன்.

விலை குறைவென்று 2015 முதல் 2017 வரையான டிரான்சிட் ஒன்றைப் பார்த்தால், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் ரப்பர் இணைப்புக்காக ஃபோர்ட் 2017இல் அறிவித்த மீளழைப்பு வேலை செய்து முடிக்கப்பட்டதா என்று வாகன அடையாள எண்ணை (VIN) கொடுத்து உறுதிசெய்த பிறகே பேரம் பேசுங்கள்.

கேள்வி: பழைய எக்ஸ்பிரஸ் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்? தனியாரிடம் வாங்குவது நல்லதா, விற்பனையாளரிடமா? (வாசகர், பிரம்டன்)

பதில்: எஞ்சினைப் பார்க்குமுன் அடியைப் பாருங்கள். இந்த வான்களை எஞ்சின் கைவிடுவதற்கு முன் நம் ஊர்த் தெரு உப்பு தின்றுவிடுகிறது. சறுக்குக் கதவுக்குக் கீழேயுள்ள பக்கத்தகடு, பின்சக்கர வளைவு, சேசியை ஒட்டிப் போகும் பிரேக் குழாய் ஆகிய மூன்றையும் டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சுப் பூசியிருந்தால் மகிழ வேண்டாம், அது துருவை மறைக்கப் பூசியதாக இருக்கலாம். துருவைத் தடுக்க ஆண்டுதோறும் எண்ணெய் அடித்த வான் அடியில் அழுக்கும் பிசுபிசுப்புமாகத்தான் இருக்கும், அதுவே நல்ல அடையாளம். முந்தைய உரிமையாளர் தட்டுகளை நிறுத்தத் தரையில் திருகாணி அடித்திருப்பார். அவற்றைக் கழற்றிய ஓட்டைகளில் உருகிய பனி இறங்கி, அங்கிருந்துதான் தரை உக்கத் தொடங்குகிறது; விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று உரிமையாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள். 6.0 லீற்றரில், எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டின் கடைசி போல்ட் தலை முறிந்துபோவது சகஜம். முறிந்திருந்தால் குளிரில் டிக் டிக் என்று தட்டும் ஓசை கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து அடங்கிவிடும். போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். பிறகு, முகப்புத் திரையில் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். 180,000 கிலோமீற்றருக்கு 9,000 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். அந்த வான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கழித்திருக்கிறது. அதைவிட 300,000 கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் ஓடிய வான் எனக்குப் பிடிக்கும். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் உள்ளதை, குறுந்தூர நகர ஓட்டத்துக்கு வாங்கவே வேண்டாம். அதன் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

யாரிடம் வாங்குவது என்பதில் பலர் வரியை மறந்துவிடுகிறார்கள். தனியாரிடம் வாங்கினால், பெயர் மாற்றும்போது, கொடுத்த விலை அல்லது மொத்த வியாபார (wholesale) மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதன்மீது 13 சதவீத மாகாண விற்பனை வரி கட்டவேண்டும். அதைத் தொழில் கணக்கில் மீளப்பெற வழியில்லை. விற்பனையாளரிடம் வாங்கினால் கட்டுவது எச்.எஸ்.ரி. எனும் ஒருங்கிணைந்த விற்பனை வரி; உங்கள் தொழில் அதற்குப் பதிவாகியிருந்தால் உள்ளீட்டு வரிக் கழிவாகத் திரும்பி வரும். 15,000 டொலர் வானுக்கு இந்த வித்தியாசம் 1,950 டொலர். தனியார் விலை அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால்தான் தனியாரிடம் போவதில் பொருள் உண்டு.

கேள்வி: திருமண மண்டபங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். ஒரு பழைய எக்ஸ்பிரஸ் மலிவாக வருகிறது. எடுக்கலாமா? (வாசகி, மார்க்கம்)

பதில்: வேண்டாம், அம்மா. ஃபேர்னஸ்காரர் கதவைத் திறந்து வெளியே நின்றபடியே கருவியை எடுத்துக்கொள்வார். நீங்களோ உள்ளே ஏறி, சூடான அண்டாவைக் குனிந்தபடி தூக்கவேண்டும். முன்சக்கர இழுவை கொண்ட புரோமாஸ்டரின் தரை நிலத்திலிருந்து 53 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கிறது. உயரக் கூரை உள்ளதில் நிமிர்ந்தும் நிற்கலாம். பழைய கட்டுமானமே வேண்டும் என்றால், ஒகையோவின் ஏவன் லேக் ஆலையில் ஃபோர்ட் இன்றும் ஈ-சீரிஸை, பின்பெட்டி இல்லாமல், முன்கூடும் சேசியுமாகச் செய்து விற்கிறது. அம்புலன்ஸ்களும் பெட்டி வான்களும் அதன்மீது கட்டப்படுகின்றன. ஆனால் அதில் ஈ-450 என்ற வகையின் எடை வரம்பு 14,500 இறாத்தல் என்பதால், மேலே சொன்ன சி.வி.ஓ.ஆர். சான்றிதழ் இல்லாமல் அதைத் தெருவில் இறக்க முடியாது.