மென்பொருள் தெரிந்திருந்தால் போதாதா? கட்டமைப்புப் பொறியாளர் எதற்காகச் சங்கத்திலும் சேர வேண்டும்?

கட்டடக் கணக்குப் போடும் மென்பொருள்களான ஈடாப்ஸும் ஸ்டாடும் நன்றாகக் கைவந்த பிறகும் சங்கம், கருத்தரங்கு என்று பணத்தையும் விடுமுறையையும் செலவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள் என்றும், உங்கள் கணக்கை முதலாளியைத் தவிர வேறு எவரும் பார்ப்பதில்லை என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். சேர வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அங்கே தரும் சான்றிதழுக்காகச் சேர வேண்டாம். அதைப் பார்த்துச் சம்பளம் கூட்டிய முதலாளி எவரையும் நான் அறியேன்.

கோயம்புத்தூரில் தனியாகத் தொழில் செய்கிறேன். இங்கே கட்டடம் கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, தூண் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்காதல்லவா என்பதைத்தான். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 230 மி.மீ.; தூணையும் அதே அகலத்தில் போட்டுவிட்டால் பூச்சு வேலை முடிந்த பிறகு தூண் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 13920 2016-இல் திருத்தப்பட்டபோது, தூணின் சிறிய பக்கம் 300 மி.மீட்டருக்கும், பீமிலிருந்து தூணுக்குள் நுழையும் மிகப் பெரிய கம்பியின் விட்டத்தைப்போல் 20 மடங்குக்கும் குறையக் கூடாது என்று ஆகிவிட்டது. பீமில் 16 மி.மீ. கம்பி போட்டாலே 320 மி.மீ. தேவைப்படும். கட்டடம் இருபுறமும் மாறி மாறி அசையும்போது அந்தக் கம்பி வழுக்காமல் இருக்க, தூணுக்குள் அதைக் கான்கிரீட் பற்றிக்கொள்ளப் போதிய நீளம் வேண்டும் என்பதுதான் காரணம். கோவை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதாகக் கொண்டே நாங்கள் கணக்குப் போட்டு வந்திருக்கிறோம். ஆகவே இந்த விதி எங்களுக்கும் பொருந்தும்.

ஓர் அடுக்குமாடி வேலையில் நான் 300-க்குக் குறையாமல் தூண்களை வரைந்து கொடுத்தபோது, அந்த பில்டர், "ஊரில் எல்லா இன்ஜினியரும் ஒன்பது அங்குலம்தான் சார் போடுகிறார்கள். இதுவரை எது விழுந்தது?" என்று கேட்டார். மறுத்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அது வெறும் மிரட்டல் அல்ல. அடுத்த சில மாதங்களின் வருமானம் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த வாரம் எங்கள் சங்கக் கிளையின் மாலைக் கூட்டம் நடந்தது. அன்றைய உரை எதைப் பற்றியது என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. உரை முடிந்து காபியும் போண்டாவும் வந்தபோது இதைச் சொன்னேன். அருகில் நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள். அதே பில்டர் அவர்களிடமும் போயிருக்கிறார், ஒவ்வொருவரிடமும் மற்றவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார், இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்துக்குச் சென்று கட்டடங்களை ஆய்வு செய்து வந்த மூத்த பொறியாளர் ஒருவர், தம் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனைகளை 135 பாகை உள்நோக்கி மடக்காமல் 90 பாகையோடு விட்டிருந்ததால், கொக்கிகள் விரிந்து, நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கி, நடுவில் இருந்த கான்கிரீட் கொட்டிப் போயிருந்தது. மறுநாள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி பில்டரிடம் காட்டினேன். மற்ற இருவரின் பெயரைச் சொல்லாமல், ஒன்பது அங்குலத்துக்கு இங்கே கையெழுத்துக் கிடைப்பது கடினம் என்றும் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். துருத்திய பகுதிகளில் பெரும்பாலானவற்றை ஆர்க்கிடெக்ட் அலமாரிகளுக்குள் மறைத்துவிட்டார்.

எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. வேறொருவர் என் வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய், எங்கோ ஒருவரிடம் மெலிந்த தூண்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பொறியாளர்கள் கூட்டுச் சேர்ந்து வாடிக்கையாளரை மடக்குகிறார்கள் என்று சிலர் எழுதக்கூடும். கட்டணத்தைப் பற்றி நாங்கள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேசியது அச்சிட்ட விதியைப் பற்றி மட்டும்தான். சங்கம் என்றால் பொன்னாடையும் குத்துவிளக்கும் நன்றியுரையும்தானே என்று கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நானும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையும் வருகிறது. வழக்கறிஞர்களுக்கு 1961-இலும், ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-இலும் நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் வந்துவிட்டது. கட்டடத்தின் எடை முழுவதையும் கணக்கில் சுமக்கிற எங்களுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு சில மாதங்களில் அடங்கிவிட்டது. பிரிட்டனில் 1908-இல் கான்கிரீட் கழகமாகத் தொடங்கிய கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனம் கடுமையான தேர்வு வைத்துத்தான் பட்டயப் பொறியாளர் என்ற தகுதியைத் தருகிறது. பொறியாளர்கள் தாங்கள் கண்ட ஆபத்துகளைப் பெயர் வெளியே தெரியாமல் அறிவித்து, பிறர் படித்துப் பயன்பெறும் ‘கிராஸ்’ என்ற ஏற்பாடும் அங்கே 2005 முதல் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த வேலையைப் போண்டாத் தட்டோடு நின்று பேசும் பேச்சுதான் ஓரளவு செய்கிறது.

எதில் சேர்வது என்று கேட்டால், 1982-இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியக் கான்கிரீட் கழகத்தின் உள்ளூர் மையத்தை முதலில் விசாரியுங்கள். உறுப்பினர் கட்டணத்தைக் கட்டும் முன் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போய், உரை முடிந்த பின் யார் கேள்வி கேட்கிறார்கள், இளையவர் கேட்டால் மூத்தவர்கள் நின்று பதில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். மேடையில் இருப்பவர்களே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு கலைந்தால், அந்தப் பணத்துக்கு ஐ.எஸ். 13920-ஐயும், நிலநடுக்க விசையைக் கணக்கிடுவதற்கான ஐ.எஸ். 1893-ஐயும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, உள்ளூரில் இதே வேலை செய்கிற நான்கு பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள்.