12 லட்சம் வரை வரி இல்லையே, பின்னே என் 8,320 ரூபாய் எங்கே போச்சு?

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். வயது 66. 2025-26 நிதியாண்டில் பென்ஷன் 6,20,000 ரூபாய், டெபாசிட் வட்டி 1,80,000. வட்டியில் வங்கி 18,000 டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடித்துவிட்டது. பத்து மாதம் கையில் இருந்த பங்குகளை விற்றதில் 40,000 லாபம். மொத்தம் 12 லட்சத்தைத் தொடவே இல்லை என்பதால் 18,000 ரூபாயும் திரும்ப வரும் என்று இருந்தேன். வந்தது 9,680. மீதியை ஏன் பிடித்தார்கள்?

பதில்: அண்ணாச்சி, யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அந்த 40,000 ரூபாய் லாபம்தான் காரணம்.

'12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது' என்று டீக்கடையில் இருந்து டிவி வரைக்கும் சொல்கிறார்கள், அதில்தான் குழப்பமே. வருமான வரியின் புதிய முறையில் உண்மையான வரிவிலக்கு முதல் 4 லட்சத்துக்கு மட்டும்தான். அதற்கு மேலே 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம் என்று முதலில் வரியைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்வார்கள். போட்ட வரியைத் தள்ளுவது வேறு, வரியே போடாமல் விடுவது வேறு. இந்தத் தள்ளுபடி, மேலே சொன்ன படிக்கட்டு விகிதத்தில் வரும் வரிக்கு மட்டும்தான் பொருந்தும். தனி விகிதத்தில் வரும் வரியை அது தொடாது.

நம்ம ஊர் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதே அக்கா இறங்கி, தென்காசிக்குப் புறநகர் பஸ் ஏறினால் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆள் மாறவில்லை, பஸ்தான் மாறியிருக்கிறது. உங்கள் பென்ஷனும் வட்டியும் டவுன் பஸ், பங்கு லாபம் புறநகர் பஸ்.

சரி, உங்கள் கணக்கையே போடுவோம். பென்ஷன் 6,20,000-இல் நிலையான கழிவு 75,000 போக 5,45,000. வட்டியைச் சேர்த்தால் 7,25,000. இதில் 4 லட்சத்துக்கு மேல் உள்ள 3,25,000-க்கு 5 சதவீதம், 16,250 ரூபாய். இது முழுக்கத் தள்ளுபடி. அடுத்தது பங்கு லாபம். பங்குச் சந்தையில் ஒரு வருடம் முடிவதற்குள் விற்றால் குறுகிய கால லாபம், அதற்குத் தனி விகிதம், 20 சதவீதம். 40,000-க்கு 8,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 320, ஆக 8,320. உங்கள் 18,000-இல் இதைக் கழியுங்கள், 9,680 வருகிறதா?

இதே பங்கை ஒரு வருடம் தாண்டும்வரை, அதாவது இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்திருந்து விற்றிருந்தால் நீண்ட கால லாபம் ஆகியிருக்கும். அதில் வருடத்துக்கு 1,25,000 வரை வரி கிடையாது. உங்கள் 40,000-க்கு ஒரு பைசா வந்திருக்காது. சொன்னால் வயிறு எரியும், ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்.

'அப்போ பழைய முறைக்குப் போயிருக்கலாமோ' என்று தோன்றும். அங்கே குறுகிய கால லாபத்தின் வரிக்கும் தள்ளுபடி உண்டுதான், ஆனால் கழிவெல்லாம் போக மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் நிற்க வேண்டும், தள்ளுபடியும் 12,500 வரைதான். உங்கள் கணக்கில் அந்த அளவுக்கு இறக்க நிறைய சேமிப்பும் காப்பீடும் காட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து 143(1) இன்டிமேஷன், அதாவது கணக்கைச் சரிபார்த்த அறிவிப்பு, மின்னஞ்சலில் வந்திருக்கும். திறக்கக் கடவுச்சொல் உங்கள் பான் எண் சிறிய எழுத்தில், கூடவே பிறந்த தேதி. உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும், ஒன்று நீங்கள் காட்டியது, மற்றது துறை கணக்கிட்டது. இரண்டிலும் 9,680 என்றே இருந்தால் துறை எதையும் வெட்டவில்லை, படிவம் போடும்போதே அந்தத் தொகைதான் காட்டியிருக்கும், நாம்தான் கீழே வரைக்கும் பார்க்காமல் அனுப்பிவிடுகிறோம். திருத்தம் கேட்டு மனு போட்டு அலைய வேண்டாம். இரண்டும் வேறு வேறாக இருந்தால்தான் துருவ வேண்டும்: உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் டிடிஎஸ் ஏறாமல் போயிருக்கலாம், கெடு தாண்டிப் போட்டதற்கு 5,000 ரூபாய் கட்டணம் விழுந்திருக்கலாம், பழைய வருடத்துப் பாக்கி எதையாவது இதில் கழித்திருக்கலாம். பாக்கி என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் வரும், மின்னஞ்சலில் ஸ்பாம் பக்கத்தையும் பாருங்கள்.

இந்த வருடம் பங்கு விற்கும் எண்ணம் இல்லையென்றால், வட்டி விழும் முன்பே வங்கியில் 121-ஆம் எண் படிவத்தை (பழைய 15எச்-க்குப் பதிலாக வந்தது) கொடுத்துவிடுங்கள், டிடிஎஸ் பிடிக்கவே மாட்டார்கள். குறுகிய கால லாபத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் கொடுக்காதீர்கள், வரியே இல்லை என்று கையெழுத்துப் போடும் படிவம் அது.