அடிக்கவே வராத பேட்டர் திடீரென வெளுத்து வாங்குவது எப்படி?

பேஸ்பாலில் தடுமாறும் ஒருவர் ஒரே வாரத்தில் எப்படி மாறிவிடுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க பேஸ்பால் வீரர் கைல் ஷ்வார்பரைப் பாருங்கள். 2020 சீசனில் அவருடைய அடி சராசரி வெறும் .188, அதாவது நூறு வாய்ப்பில் சுமார் 19 முறைதான் அடி பலித்தது. அவருடைய அணியான சிகாகோ கப்ஸ் கழற்றிவிட்டது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி எடுத்துக்கொண்டது. 2021 ஜூன் 12 முதல் அவரை முதல் ஆளாக அடிக்க அனுப்பினார்கள். அப்புறம் நடந்தது கொஞ்சம் அநியாயம்: 18 ஆட்டங்களில் 16 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி)!

வரிசை மாறியதுதான் காரணம் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். மட்டை இம்மி பிசகினால் வானத்தைப் பார்த்த கேட்ச். சரியாகப் பட்டால் அதே வீச்சு பார்வையாளர் மடியில் போய் விழும். ஷ்வார்பரின் கையில் பலம் எப்போதும் இருந்தது, டைமிங் மட்டும் அந்த மூன்று வாரம் கூடி வந்தது. கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான். 162 ஆட்டம் ஆடும் சீசனில் எப்போதாவது ஹோம் ரன்கள் இப்படிக் கொத்தாக விழுவது அதிசயமில்லை.

ஜூலை 2-இல் ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அத்தோடு அந்த அதிரடி முடிந்தது.