வகுப்பில் வீடியோ போடலாமா? ஆசிரியர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கும் மேலாக அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ப்ரொஜெக்டர் வந்த நாளிலிருந்து வகுப்பில் வீடியோ காட்டுகிறேன். சொதப்பியதும் நிறைய.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன் சார். இருபது நிமிட வீடியோ போட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி லைட்டையும் அணைத்தால் நானே தூங்கிவிடுவேன்! இருபது நிமிடம் எதற்கு? எனக்கு ஒரு நிமிட வீடியோவே ஒரு பீரியடுக்குப் போதும்.

1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் இறகு பிடித்து இரண்டையும் ஒன்றாக விட்டார். அந்தக் காட்சி நாசாவுடையது, இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. அவர் கையை விரிப்பதற்குச் சற்று முன்பு நிறுத்திவிடுவேன். எது முதலில் விழும், ஏன் என்று நோட்டில் எழுதச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் சுத்தியல் என்பார்கள். நிலவில் ஈர்ப்பே கிடையாது, இரண்டும் மிதக்கும் என்று எழுதும் கூட்டமும் எல்லா வருடமும் இருக்கும். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட ஐந்து நிமிடம் விடுவேன். பிறகுதான் ஓடவிடுவேன்.

இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! அடுத்து கணக்கு. சுமார் 1.6 மீட்டர் உயரம், நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. விழ ஏறக்குறைய 1.4 விநாடி ஆக வேண்டும். வீடியோவை மறுபடி ஓட்டி, பிள்ளைகளையே நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் நெட் சரியில்லை. நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் வகுப்பே கைவிட்டுப் போகிறது.

தரத்தை 480-க்கு இறக்கிவிடுங்கள். மணிக்கு சுமார் அரை ஜிபி ஆகும், நான்கு நிமிட வீடியோவுக்கு 40 எம்பி அளவில் முடிந்துவிடும். போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓடும். கடைசி பெஞ்சுக்குப் படத்தை விட ஒலிதான் பிரச்சினை, அதனால் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வையுங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில விளக்கம் புரிவதில்லையே?

ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள் டீச்சர். உங்கள் குரலில், உங்கள் ஊர் உதாரணத்தோடு வந்தால் இன்னும் நன்றாக ஏறும். கணினியில் கே விசையை அழுத்தினால் யூடியூப் நிற்கும், ஜே பத்து விநாடி பின்னால் போகும். இந்த இரண்டு விசையே போதும். தமிழிலேயே வேண்டுமென்றால் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. பாடநூலில் உள்ள கியூஆர் கோடையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். நம்மில் பலர் அதைப் பக்க அலங்காரமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் முழுப் படம் காட்டினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் பள்ளி நடவடிக்கையின் பகுதியாகத் திரையிடலாம். ஊரையே கூட்டி டிக்கெட் போட்டால் அந்த விலக்கு பொருந்தாது. வேறு செயலிகள் வழியாக டவுன்லோட் செய்வது தனி விஷயம், அதை யூடியூபின் விதிகள் ஏற்பதில்லை.

நடுவில் வேண்டாத விளம்பரம் வந்துவிடுகிறதே?

வகுப்புக்குப் போகும் முன் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியையும் அணைத்து வையுங்கள். அப்படியும் விளம்பரம் வரலாம். ப்ரொஜெக்டர் முன் பிடிக்க ஒரு அட்டை வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பல முறை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

வீடியோவே வேண்டாம் என்று எந்தப் பாடத்துக்குச் சொல்வீர்கள்?

கையால் செய்துபார்க்க முடிகிற எதற்கும். தனி ஊசலுக்கு அழகான வீடியோக்கள் நூறு இருக்கும். ஆனால் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு ப்ரொஜெக்டரின் பிளக்கைக்கூட நான் தொடுவதில்லை.