மலையேறும்போது இழுவை விழுகிறதா? டீசல் கார் கேள்வி-பதில்

கே: எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப் ஸ்டார்ட் ஆகாவிட்டால் டீசல் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்போம் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவோம்). புது சி.ஆர்.டி.ஐ. (காமன் ரெயில் டீசல்) வண்டியில் அதைச் செய்யலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

ப: கூடவே கூடாது. பழைய ஜீப்பில் எல்லாம் பம்ப்தான். ஒவ்வொரு சிலிண்டரின் முறை வரும்போதும் அது அந்த பைப்பில் டீசலை அமுக்கும். அழுத்தம் 150, 200 பார் ஆனதும் நாசில் ஊசி ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் முறையில் அழுத்தத்தை உண்டாக்குவது ஒரு வேலை, பீய்ச்சும் நேரத்தைத் தீர்மானிப்பது வேறு வேலை. ஹை பிரஷர் பம்ப், ரெயில் என்னும் தடித்த இரும்புக் குழாயில் டீசலை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். ஐட்லிங்கில் 250 முதல் 400 பார், முழு லோடில் 1,600-க்கு மேல். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. சொல்லும்.

இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லி உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஏர் எடுக்க ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அது இறுகும்வரை அமுக்கினால் போதும். டேங்கிலேயே மின்சார பம்ப் உள்ள வண்டி என்றால் செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் நான்கைந்து தடவை ஆன் செய்து அணையுங்கள்.

கே: காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் என் கார் ஸ்டார்ட் ஆகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
– வாசகர், கம்பம்

ப: அளந்து காட்டாமல் நான்கையும் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் சுமார் 200 பார் ஏறாவிட்டால் இ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. அந்த அழுத்தம் எங்கே கசிகிறது என்பதுதான் கேள்வி.

இன்ஜெக்டருக்குள் ஊசியின் மேலேயும் கீழேயும் ரெயில் அழுத்தம் இருக்கும். மேலே பரப்பு அதிகம் என்பதால் ஊசி மூடியே கிடக்கும். இன்ஜெக்டரில் உள்ள மின்காந்தச் சுருளான காயிலுக்கு கரன்ட் வந்ததும் உச்சியில் உள்ள ஒரு பொடி வால்வு திறந்து, மேலே இருக்கும் டீசல் ரிட்டர்ன் லைனில் வடியும். மேல் அழுத்தம் குறைந்ததும் கீழே உள்ள அழுத்தம் ஊசியைத் தூக்கும். அப்போதுதான் டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சும். ஆக, ரிட்டர்னில் கொஞ்சம் டீசல் போவது இயல்பு. அந்தப் பொடி வால்வு தேய்ந்தால் மூடிய நிலையிலும் வடியும். பம்ப் ஏற்றுவதெல்லாம் ரிட்டர்னில் போய்விடும்.

சோதனை எளிது. ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரே அளவுள்ள கண்ணாடி பாட்டில் வையுங்கள். டேங்குக்குப் போகும் லைனை அடைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். ஒரு பாட்டிலில் மற்றவற்றைப்போல் இரு மடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. நான்கிலும் சமமாக நின்றால் அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இது காயில் வகை இன்ஜெக்டருக்கு மட்டும்; காயிலுக்குப் பதில் கரன்ட் பட்டதும் நீளும் படிகம் உள்ள பீசோ வகையில் ரிட்டர்ன் லைனிலும் அழுத்தம் தேவை, பாட்டில் வைத்தால் வேலை செய்யாது.

இதற்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் அழுத்தம் ஏறாது. ஃபில்டருக்குப் பிறகு ஓர் ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். இரவில் டீசல் டேங்குக்கு வடிந்துவிட்டால், காலையில் முதலில் காற்றுதான் வரும்.

இன்ஜெக்டரை மாற்றியே ஆக வேண்டுமானால் அடியில் உள்ள காப்பர் வாஷரும் புதிதாக இருக்கட்டும். பழையதைத் திரும்பப் போட்டால் சக் சக் என்று கம்ப்ரஷன் கசிந்து, சுற்றிலும் தார்போல் கரி கட்டும். இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் ஏற வேண்டும். ஏற்றாமல் விட்டால் நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்), புகை எல்லாம் வரும். பழி புது இன்ஜெக்டர் மேல் விழும்.

கே: போடிமெட்டு ஏற்றத்தில் பாதியில் இழுவை விழுந்து, இன்ஜின் லைட் எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. சமவெளியில் தொந்தரவே இல்லை.
– வாசகர், குமுளி

ப: கொண்டை ஊசி வளைவுகளில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டீசலும் அதிகம் வேண்டும், அழுத்தமும் அதிகம் வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தால் பம்புக்கு டீசல் போதாது. இ.சி.யு. கேட்ட அழுத்தத்துக்கும் ரெயிலில் உள்ள அழுத்தத்துக்கும் இடைவெளி கூடியதும் இன்ஜினைக் காக்க, இழுவையைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். ஸ்கேனரை மாட்டியபடியே ஏற்றம் ஏறி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷெட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் ஃபில்டர், அப்புறம் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு. டர்போ ஹோஸ் கிழிந்தாலும் இழுவை விழும். ஆனால் அப்போது ரெயில் எண்கள் ஒத்துப்போகும்.

கே: ஆரியங்காவு மழையில் போய் வந்தபின் ஃபில்டர் தண்ணீர் லைட் எரிகிறது.
– வாசகர், செங்கோட்டை

ப: ஃபில்டரின் அடி ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருப்பி, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கீழே தங்குவது கண்ணுக்கே தெரியும். மூடிவிட்டு ஏர் எடுங்கள். மறுபடி எரிந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். டீசல்தான் பம்புக்கு மசகு. தண்ணீர் போனால் துருவும் தேய்மானமும் நிச்சயம்.

கே: பங்கில் தவறுதலாக 5 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். மீதியை டீசலாக நிரப்பி ஓட்டலாமா?
– வாசகர், நகரி

ப: வேண்டாம். சாவியைக்கூட ஆன் செய்யாதீர்கள். டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை முன்னே தள்ளிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி டேங்கைக் காலி செய்யுங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் ஃபில்டர் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே மினுமினுவென்று இரும்புப் பொடி தெரிந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரெயில், பைப், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் அந்தப் பொடி போயிருக்கும்.