ட்ரவுட்டுக்கு எந்தக் கோல்?

கேள்வி: ஏப்ரலில் இமாச்சலின் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறேன். குளத்தில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. ஃப்ளை ராட் என்கிற தூண்டில் கோல் புதிது. கடைக்காரர் 8 வெயிட் கோலைக் காட்டி, "இதுதான் சார் ஸ்ட்ராங்" என்கிறார். வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம் சார். அது மகசீர் மாதிரி முரட்டு மீனுக்கு.

வெயிட் என்பது கோலின் எடை இல்லை. அது வீசக்கூடிய லைனின், அதாவது தூண்டில் நரம்பின், எண். குளத்துத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பதோ இறகும் நூலும் சுற்றிய கொக்கி, எடையே கிடையாது. தடித்த லைன்தான் அதைச் சுமந்து போகணும். 5 வெயிட் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம்தான். அதை 8 வெயிட் கோலில் மாட்டினால் கோல் சரியாக வளையாது. வளையாத கோல் எங்கே வீசும்?

கார்க் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் நீளமும் வெயிட்டும் இருக்கும். 9 அடி, 5 வெயிட் எடுங்கள். சின்ன ஓடைகளுக்கு மட்டும் என்றால் கிளைகளில் இடிக்காத ஏழரை அடி, 3 வெயிட் போதும். 'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்' (விறைப்பான கோல்) என்று விலையை ஏற்றுவார்கள், மயங்காதீர்கள். மீடியம் ஃபாஸ்ட்டில்தான் கோல் வளைவது கைக்குத் தெரியும். 4 துண்டாகக் கழற்றுவது என்றால் ரயிலில் தொல்லையில்லை. லைனைச் சுற்றி வைக்கும் ரீலில் காசை மிச்சம் பிடித்து நல்ல லைன் வாங்குங்கள். மீன்வளத்துறை பர்மிட் எடுக்காமல் ஆற்றில் இறங்காதீர்கள்.