வயதான நாய்க்கு உணவு செரிக்காமல் போவது ஏன்?

செரிமானக் கோளாறு என்பது, உண்ட உணவு முறையாகச் செரிக்காமல் வாந்தியாகவோ வயிற்றுப்போக்காகவோ மலச்சிக்கலாகவோ வெளிப்படும் நிலையாகும். வயது ஏற ஏற நாயின் குடல் அசைவு மந்தமாகலாம். பல்வலி இருந்தால் அது மெல்லாமலே விழுங்கிவிடும். சிறுநீரகம், கல்லீரல், கணையம் ஆகியவற்றின் நோய்களும் முதலில் வயிற்றுக் கோளாறாகவே தலைகாட்டுவதுண்டு. தணிந்த அடுப்பில் விறகை ஒரேயடியாகத் திணித்தால் புகைதான் மிஞ்சும். சிறிது சிறிதாக இட்டால் எரியும். அதுபோல ஒரு நாள் உணவை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து, உலர் உணவாயின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுப்பதையே முதலில் செய்ய வேண்டும் என்பேன். ஈறை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமின்றிப் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, மலம் தார்போலக் கறுத்திருந்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பால் வயிற்றை ஆற்றும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு என்பதால், அது வயிற்றுப்போக்கை மேலும் கூட்டிவிடக்கூடும்.